மலைமேல் நட்ட கல்

ஜெலாப்பாங் பக்கத்து மலைக்குள் கதிரியக்கக் கழிவைப் புதைத்து, கான்கிரீட் போட்டு மூடிய பொறியாளர்களில் நானும் ஒருவன். ஆயிரம் வருஷம் கழித்து வருபவனுக்கு நம் எழுத்து புரியாது என்று, எழுத்தே இல்லாமல் கோரமாகச் செதுக்கிய கருங்கல்லை எச்சரிக்கையாக உச்சியில் நட்டோம். பார்த்தாலே பயந்து ஓட வேண்டுமாம். பெரிய மூளைக்காரர்கள்! மலையடி ரப்பர் தோட்டத்து ஜனம் பயந்தால் ஓடாது, கும்பிடும்.

போன மாதம் சோதனைக்குப் போனேன். வேலியை அறுத்திருந்தார்கள். கல்லுக்கு மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி. எதிரே சூலம். கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"அக்கா, இங்க வரக்கூடாது. கீழ விஷம் இருக்கு" என்று கத்தினேன்.

"தெரியும் லா தம்பி. அதத்தான் இந்த முனி அமுக்கி வச்சிருக்காரு."

சொல்லிவிட்டு, கல்லின் அடியிலிருந்த மண்ணைக் கிள்ளிக் குழந்தையின் நெற்றியில் பூசினாள்.