கடல் இல்லாத ஊரில் இரண்டு படகு

படகு விற்கிறவனுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்தால் போதும். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்கிறவர்களுக்கு ஃபேனைத் திருப்பி வைத்து, நாள் முழுக்க நின்று கால் கடுத்துப் போனவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

ஹைதராபாத்தில் லோத்குண்டா மெயின் ரோட்டில் எங்கள் கடை. உள்ளே தண்ணீர்த் தொட்டியும் பைப்பும். வாசலில் இரண்டு மீன்பிடிப் படகு: ஒன்று வெள்ளை ஃபைபர், இன்னொன்று அலுமினியம். தொட்டியும் பைப்பும் தானாகப் போய்விடும். படகைப் போகவைப்பதுதான் என் வேலை.

கடல் தெரிந்தவன்

முதலாளி நரசிங் ராவ் என்னை வேலைக்கு எடுத்ததே தப்புக் கணக்கில்தான். தமிழ்நாடு என்றால் வாசல் கதவைத் திறந்ததும் கடல் என்று நினைத்துவிட்டார். எனக்கு ஊர் தர்மபுரி. கடலை முதலில் பார்த்ததே பள்ளிக்கூடச் சுற்றுலாவில். அலையைக் கண்டதும் வாத்தியார் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கடைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

இரண்டு மழைக்காலம் போயும் வாசலில் நின்ற இரண்டும் நகரவில்லை. இந்த மே மாதம் கூப்பிட்டார். மிருகசிரா கார்த்தி இங்கே மழை தொடங்குகிற நாள். அன்றைக்குத் தெலுங்குக்காரர் வீட்டில் மீன் குழம்பு கொதித்தே ஆகவேண்டும். முதலாளிக்கு அதுதான் கெடு. அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "மிருகசிராவுக்குள்ள ரெண்டுல ஒண்ணாவது போகணும்பா. இல்லேன்னா அந்த இடத்துல தொட்டியை அடுக்கிடுவேன். நீ ஊருக்குப் போய்க் கடலைப் பாத்துட்டு இரு."

நடைப்பயிற்சிக் குழு

ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ரிட்டயர்டு இன்ஜினியர்கள் நாலு பேர் தினமும் காலையில் காரில் வந்து இறங்கி எங்கள் ரோட்டில் நடப்பார்கள். நடந்து முடித்ததும் படகு ஆராய்ச்சி. ஒருவர் பையில் காந்தம் வைத்திருப்பார். அலுமினியத்தில் ஒட்டாது என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் எவனாவது இரும்பைக் கலந்திருப்பான் என்று சந்தேகம். இன்னொருவர் ஃபைபருக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார்.

இரண்டு பேர் அலுமினியக் கட்சி: எடை குறைவு, பாறையில் மோதினாலும் உடையாது. இரண்டு பேர் ஃபைபர் கட்சி: சத்தம் வராது, வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்காது, உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம். வாக்குவாதம் முற்றி, ஒரே காரில் வந்தவர்கள் இரண்டு காரில் வர ஆரம்பித்தார்கள். கெடு நெருங்குகிற பதற்றத்தில் ஒருநாள் நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, கட்சிக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்களேன் சார் என்றேன். காந்தக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார்: "படகு யாருக்குப்பா வேணும்? எங்களுக்கு முடிவு தெரியணும், அவ்வளவுதான்."

மல்காஜ்கிரி தம்பதி

ராஜமாணிக்கம் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம், அதனால் அவர் தமிழில் பாதி இந்த ஊர்: வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடப் படகு வேண்டுமாம். "ஃபைபர் நக்கோ தம்பி, வெயில்ல வெளுத்துடும். அலுமினியம்? ஹவ், நல்லாத்தான் இருக்கு. ஆனா டங்கு டங்குன்னு சத்தம் வரும், மீன் ஓடிப்போயிடும்." இப்படியே ஒரு முழுக் காலைப்பொழுது. எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். இரண்டாம் மாடி பால்கனியைச் சொன்னார்.

அவர் மனைவி அதுவரை ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து இரண்டு படகையும் ஒரு தட்டு தட்டினார். "ஃபைபர்னா விரிசல் விடும், அலுமினியம்னா நசுங்கும்ங்கறாரு. முப்பது வருஷமா நானும் இவரைத் தட்டிக்கிட்டுதான் இருக்கேன், ரெண்டும் ஆகல."

வீட்டு விசாரணை

கெடுவுக்கு ஒரு வாரம். என் மனைவி செல்வி சாமான்களை மூட்டை கட்ட வேண்டுமா என்று நேராகக் கேட்காமல், ஊரில் பள்ளிக்கூடம் எப்போது திறப்பார்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அன்று சாப்பிடும்போது வாடிக்கையாளரிடம் பேசுவதை ஒத்திகை பார்த்தேன். ஃபைபர் அலையில் எப்படி ஆடாமல் நிற்கும் என்று கையை ஆட்டி விளக்கினேன். ஏழாவது படிக்கிற என் மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும்; பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். நான் என்றைக்காவது படகில் ஏறியிருக்கிறேனா என்று ஒரு கேள்வி கேட்டாள், அதோடு என் ஒத்திகை முடிந்தது: "நான்னா, மீரு எப்புடைனா எக்காரா?"

தேங்காய் சோதனை

மிருகசிராவுக்கு இரண்டு நாள் முன்னால் மூன்று பேர் வந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு ஏரியின் மீனவர் சங்கம். தலைவர் யாதய்யா, கூட மல்லேஷ், இன்னொருவர். தெர்மாகோல் அட்டைகளைக் கயிற்றால் கட்டி அதன்மேல் நின்று வலை வீசுகிறவர்கள். போன வாரம் மல்லேஷ் சறுக்கி விழுந்து, தன் வலையிலேயே சிக்கி, பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைத்திருக்கிறான். அவர்கள் தட்டவில்லை, மோந்து பார்க்கவில்லை. சத்தம் வராது என்று ஃபைபரைக் கேட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் பூஜை போட வேண்டும். டிராக்டர் வாங்கியபோது முன்சக்கரத்தில் தேங்காய் உடைத்தார்களாம். படகுக்குச் சக்கரம் இல்லை, அதனால் மூக்கில். வேண்டாமய்யா, தரையில் உடைக்கலாம் என்று நான் கையைப் பிடிப்பதற்குள் மல்லேஷ் ஓங்கிவிட்டான். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. கூடவே படகின் மூக்கிலிருந்து கீழ்வரைக்கும் ஒரு விரிசல்.

சரி, அலுமினியத்தைப் பார்ப்போம் என்றார்கள். அடுத்த தேங்காய். படகில் டொக்கு விழுந்தது; தேங்காய் உடையாமல் துள்ளி ரோட்டுக்கு உருண்டு ஓடியது. மூன்று பேரும் வேப்பமரத்தடியில் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். போச்சு, தர்மபுரி பஸ்தான் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். யாதய்யா வந்து ஃபைபரின் விரிசலைத் தடவிக் கொடுத்தார்: "இதையே குடு. படகை ஒட்டிக்கலாம். சகுனத்தை ஒட்ட முடியாது."

முதல் சவாரி

கண்ணாடி இழைத் துணியை வைத்து, ரெசின் பூசி, விரிசலை நானே ஒட்டினேன். புதுசை விடக் கெட்டி என்று வாய் கூசாமல் சொன்னேன். முதலாளி அலுமினியத்தின் டொக்கில் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே வழியனுப்பினார்: "இதைப் பூஜை முடிஞ்ச படகுன்னு சொல்லி வித்துடு."

ஏரிக்கரையில்தான் அவர்கள் வழக்கம் தெரிந்தது. புதுப் படகில் விற்றவன்தான் முதலில் ஏற வேண்டுமாம். "நீ கடல்காரன், உனக்கென்ன" என்று யாதய்யா தோளில் தட்டினார். கடையில் காட்சிக்குத் தொங்கிய ஒரே லைஃப் ஜாக்கெட்டைத் தூசியோடு மாட்டிக்கொண்டு ஏறினேன்; அதன் கொக்கி மாட்டாது என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. மல்லேஷ் துடுப்புப் போட்டான். குலசாமியைக் கூப்பிட்டபடி நான் ஒட்டிய ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடு ஏரி வந்தது. ஒட்டு காய்ந்தேதான் இருந்தது.

மல்லேஷ் துடுப்பை நிறுத்தினான். என் பயத்தை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னான்: "இனிமே நிக்க வேண்டாம். உக்காந்துக்கிட்டே வலை போடலாம்."

ஆகவே சக விற்பனையாளர்களே, படகு அலுமினியமா ஃபைபரா என்பதை வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி மாட்டுகிறதா என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்வோம்.