எண்ணெய் நிரப்பிப் போன விமானம்

மொட்டைமாடியில் அன்று அம்மா, சித்தி, நான் என மூன்று பேர்தான் இருந்தோம். இன்று காலை பம்மலில் வீட்டுக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்து ஜன்னல் அதிர்ந்ததும், அந்த மாடியும் வடகத் துணியின் புளித்த வாசனையும் நினைவுக்கு வந்தன.

அது வளைகுடாப் போர் சமயம். குவைத்தில் டிரைவராக இருந்த சித்தப்பாவைப் பற்றித் தகவலே இல்லை. அமெரிக்க ராணுவ விமானங்கள் மீனம்பாக்கத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு போகின்றன என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

சித்தப்பா ஏறிப் போன நாளிலிருந்து எந்த விமானம் போனாலும் கையாட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்றும் ஒன்று எழும்பியது. நான் கையைத் தூக்கினேன். அம்மா தட்டிவிட்டாள்.

“கையாட்டாதடி! நம்மூர்ல எண்ணெய் போட்டுகினு உங்க சித்தப்பா தலையிலயே குண்டு போடப் போறான்.”

சித்தியின் குரல் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. “ஆட்டட்டும், வுடுக்கா,” என்றவள், மாவுக் கையோடு தானும் ஆட்டினாள். “யப்பா, எங்க வூட்டுக்காரு அங்கதான் கீறாரு. பாத்துப் போடுப்பா.”

“அவனுக்கு இன்னா தமிழா தெரியும்?” என்று கேட்டுக்கொண்டே அம்மாவும் கையைத் தூக்கினாள்.

சித்தப்பா பங்குனியில் வந்து சேர்ந்தார். குண்டுச் சத்தத்தில் காது போயிருந்தது. அதன் பிறகு சித்தி, “யோவ், சாப்ட வாய்யா!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிடப் பழகினாள்.