உட்கார வைத்து எடுத்த அளவு

என் மனைவியின் காலிலிருந்து செருப்பைக் கழற்ற வைத்தவன் நான். என் தாயார் சொல்லவில்லை, தெருவார் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஐம்பதுகளின் நடுவில் தொண்டியில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். அவளுக்கு முப்பது வயதுதான். அதற்குள் பாத மூட்டுகளில் வாதம் இறங்கிவிட்டது. காலையில் தரையில் கால் ஊன்றவே அரைமணி நேரம் ஆகும். வீட்டுக் கிணறு உப்பு. குடிதண்ணீருக்கு இரண்டு பர்லாங் சுடுமணலில் நடந்து ஊற்றுக்குப் போகவேண்டும். வெறுங்காலோடுதான் போவாள். அந்நாளில் எங்கள் ஊரில் செருப்புப் போடும் பெண் என்றால் நர்சம்மாதான்; எங்கள் தெருவில் குடும்பப் பெண்கள் போடுவதில்லை.

அவள் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாள், கொழும்பில் கடை வைத்திருந்த கணவர் கொண்டுவந்த ரப்பர் செருப்பு ஒரு சோடியை அவளுக்குக் கொடுத்தார். அகலப் பட்டை, பஞ்சு போன்ற அடி.

"போட்டுக்க தங்கச்சி. அல்லா குடுத்த காலு, மணல்ல போட்டுப் பொரிக்கவா?"

பத்து நாள் போட்டிருப்பாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அப்போது ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார்: "என்ன சார், வீட்ல நர்சம்மா யாரும் விருந்துக்கு வந்திருக்காகளா? ஊத்துப் பக்கம் செருப்புச் சத்தம் கேக்குதுன்னாக."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "அதக் குடுத்த எடத்துலயே குடுத்துரு" என்றேன். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சு என் காதில் விழுந்தது.

"வாத்தியாரு என்ன படிச்சிருக்காக?"

"பி.ஏ., லாத்தா."

"அதுல காலப் பத்தி ஒண்ணும் வராதாக்கும்."

அதன்பின் அவள் கொண்டுவரும் குடம் பாதிதான் இருந்தது. இவ்வளவு தூரம் போய் அரைக்குடமா என்று பலமுறை கடிந்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்து ஒரு பங்குனியில், காய்ச்சலென்று மத்தியானமே பள்ளியிலிருந்து திரும்பும்போது வழியில் அவளைப் பார்த்தேன். நிழலில்லாத இடத்தில் நின்று, குடத்தைச் சாய்த்து மணலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். ஈரம் பட்ட இடத்தில் கால் வைத்தாள். மறுபடி ஊற்றினாள். கால் விரல்கள் அதற்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

தண்ணீருக்கு ஆள் வைத்தேன். கடையில் விற்கும் எந்தச் செருப்பிலும் அந்தக் கால் இனி நுழையாது. கதவைச் சாத்திக்கொண்டு, அவளை முக்காலியில் உட்காரவைத்து, பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். அந்தத் தாளோடு, செருப்புத் தைப்பவர் ஒருவரைத் தேடி ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். தைத்து வந்ததைப் போட்டு எழுந்து நின்றதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். திரும்பக் கொண்டுபோனேன்.

"நிக்க வச்சு எடுத்தீகளா, ஒக்கார வச்சா?" என்று தைத்தவர் கேட்டார்.

"உட்கார வச்சுத்தான்."

"பாரம் எறங்குனா காலு விரியுமுல்ல, அய்யா. அவுகள இங்கன கூட்டியாங்க. நான் தொட்டுப் பாக்கணும்."

கூட்டிப் போகவில்லை. என் மனைவி கடைத்தெருவில் உட்கார்ந்து, செருப்புத் தைப்பவர் கையில் காலைக் கொடுப்பதா என்று தயங்கினேன். திருந்திவிட்டதாக நினைத்த நாட்களிலும் நான் அப்படித்தான் இருந்தேன். ஒன்றரை வருடம் போயிற்று. முழங்காலும் மடங்கிக்கொண்டது, பஸ் படி ஏற முடியாமலானது. கடைசியில் அவரையே வீட்டுக்கு அழைத்துவந்தேன். ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். "அன்னைக்கே பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். மெல்லிய ஆட்டுத்தோலில், உள்ளே கம்பளி வைத்து, மேலே வாரால் முடிச்சுப் போடும்படி தைத்துக் கொடுத்தார்.

கால் அதில் அடங்கியது. நடைதான் போய்விட்டிருந்தது. கட்டிலுக்கும் அடுக்களைக்கும் சுவரைப் பிடித்து நகர்வாள். அதற்கு வெறுங்காலே போதும். ஆனாலும் நான் மாலையில் திரும்பும்போதெல்லாம் செருப்போடு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள்.

"எப்படி இருக்கு?" என்பேன்.

"நல்லா இருக்குங்க" என்பாள்.

ஒருநாள் மழைச்சேற்றைக் கழுவக் கொல்லை வழியாக வந்தேன். வாதம் ஏறிக் கோணிய கைவிரல்களால் அந்த வாரை முடிந்துகொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். வார் நழுவியது, மறுபடி எடுத்தாள். நான் சத்தமின்றித் திரும்பி, தெருவைச் சுற்றி முன்வாசலுக்குப் போய், அவள் முடிக்கட்டும் என்று நின்றுவிட்டு, செருமினேன்.

மறுநாள் முதல் எப்படி இருக்கு என்று கேட்பதை நிறுத்தினேன். அவள் போட்டுக்கொள்வதை நிறுத்தவில்லை.