கால்மேல் கால் போட்ட கண்ணி

எனக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் வீட்டில் ஒரு பெயர் இருந்தது. அது நல்ல குணத்தால் வந்த பெயர் அல்ல. ஒரு பொய்யைச் சொன்னால் பிறகு அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும்; எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வாழ்க்கையில் வளர்த்தது ஒரே ஒரு பொய். அது என்னைப் படுத்திய பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தப் பொய் ஒரு சோடிக் கம்பளிக் காலுறை. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் மேஸ் என்போம். எனக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை மலாயாவில், ஜொகூர் லாபிஸ் ரயில் நிலையத்தில் உத்தியோகமாக இருந்தார். அங்கே தனக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வருகிறது என்று அவர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் என்னைப் பெற்ற ஐயா அன்றைய தபாலிலேயே பதில் போட்டுவிட்டார். பிள்ளை மிஷன் பள்ளிக்கூடத்தில் பின்னல் பழகியவள், அவள் கைப்படப் பின்னிய காலுறை அவளுடைய படத்தோடு வந்து சேரும் என்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதுவரை பின்னியது ஒரே ஒரு கழுத்துத் துண்டு. அது தொடங்கும்போது ஒரு சாண் அகலம், முடியும்போது ஒன்றரைச் சாண்.

பள்ளிக்கூட விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பின்னலில் புலி, கணக்கில் எலி. ஒரு தவணை முழுக்க அவளுடைய கணக்குகளை நான் செய்துகொடுத்தேன். அவள் சாம்பல் நிறத்தில் ஒரு சோடி காலுறை பின்னித் தந்தாள். படமும் காலுறையும் கப்பலேறின. மாப்பிள்ளை லீவில் வந்து தாலி கட்டினார்.

லாபிஸுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் விஷயத்தின் கனம் தெரிந்தது. மனிதர் அந்தக் காலுறையைப் பூசைச் சாமான் மாதிரி வைத்திருந்தார். காய்ச்சல் நாளில் மட்டும் அணிவார். மற்ற நாளில் அது அலமாரியில் இருக்கும். யார் வீட்டுக்கு வந்தாலும் வெளியே எடுப்பார். "இது கலியாணத்துக்கு முன்னமே இவ பின்னி அனுப்பினது. இந்த வாயைப் பாருங்கோ, எத்தினை தரம் தோய்ச்சாலும் தளராது" என்று இழுத்து இழுத்துக் காட்டுவார். வந்தவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தாலும் பாலம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டராக இருந்தாலும் அதை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிக்க முடியும். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடிப்பேன்.

லாபிஸின் வெக்கையில் கம்பளி எதற்கு என்று கேட்பவர்கள் அங்கே காய்ச்சலில் கிடந்திருக்க மாட்டார்கள். இவருக்கு வந்தது முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், பிற்பகல் இரண்டரை மணிக்குக் குளிர் தொடங்கும். கொயினா மருந்து குடித்தால் சில வாரம் விட்டிருக்கும், பிறகு திரும்பி வரும். எங்கள் நிலையத்துக்கு அவ்வளவு நேரம் தவறாமல் வந்தது அது ஒன்றுதான். வெளியே தண்டவாளம் கொதிக்கும். உள்ளே இவர் மூன்று போர்வைக்குள் பல் கிட்டிக் கிடப்பார்.

இன்னொரு சோடி பின்னச் சொல்லி அவர் கேட்டபோதெல்லாம் சாக்குச் சொல்லி இரண்டு வருடம் தப்பித்தேன். இங்கே நல்ல கம்பளி நூல் கிடைக்காது என்றேன். ஊசி துருப்பிடிக்கும் என்றேன். கடைசியில் அவர் வேலையாகச் சிங்கப்பூர் போனபோது அதே சாம்பல் நிறத்தில் நூலும், நாலு உருக்கு ஊசியும், கை வியர்த்தால் போட ஒரு டப்பா பவுடரும் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "இனி என்ன குறை?" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் 'நிட்', 'பர்ல்' என்று இரண்டு விதக் கண்ணி, அதாவது நூல் வளையம், சொல்லித்தந்திருந்தார்கள். முன்பக்கம் நேராக விழுவது ஒன்று, புரண்டு விழுவது மற்றது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் காலுறையின் வாய் சுருங்கி நிற்கும் என்பது சட்டம். நான் பின்னிய வாய் சட்டத்தை மதிக்கவில்லை. என் காலில் போட்டு நாலடி நடந்தேன். கணுக்காலில் வந்து படுத்துக்கொண்டது.

பழையதை எடுத்து உள்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அப்போதுதான் கண்டேன். என் கண்ணிகள் எல்லாம் காலை அகட்டிக்கொண்டு நின்றன. அவளுடைய கண்ணி ஒவ்வொன்றும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அந்த முறுக்குத்தான் பிடிப்பு. நிட்டில் முறுக்குவது சுலபம், அரை மணியில் பிடிபட்டது. பர்லில் முறுக்குவது எப்படி என்று தெரியவில்லை. கேட்டு எழுதலாம் என்றால் அந்தக் கெட்டிக்காரி கலியாணம் செய்து ரங்கூன் பக்கம் போய்விட்டாள், விலாசம் கிடையாது. லாபிஸிலோ, பக்கத்து ஊர்களான சாஆவிலோ, பெக்கோக்கிலோ கம்பளி பின்னுகிற ஒரு பிறவியை நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பழைய சோடியில் இடக்காலை அவிழ்ப்பது என்று முடிவு செய்தேன். வாயை மட்டும் கொஞ்சம் அவிழ்த்துப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்பது என் எண்ணம். காலுறை வாயில் தொடங்கி விரலில் முடிகிறது. அவிழ்ப்பதென்றால் முடிந்த இடத்திலிருந்து, விரலிலிருந்துதான் அவிழ்க்கலாம். எனக்கு வேண்டிய நாலு விரற்கடை கடைசியில் இருந்தது. அதாவது, கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் முழுக் காலுறையும் போக வேண்டும். கொஞ்சநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் முனையைக் கத்தரித்தேன்.

விரல் போயிற்று, பாதம் போயிற்று, குதி போயிற்று. நூல் சுருண்டு சுருண்டு தரையில் இடியப்பம் போலக் கிடந்தது. வாய் வந்ததும் மெல்ல இழுத்தேன். மேலே இருந்த நூல் கழன்றதும், கால்மேல் கால் போட்டிருந்த கண்ணி காலை இறக்கி வைத்துவிட்டு, ஒரு குற்றமும் அறியாதது போல நேரே நின்றது. அடுத்ததும் அப்படியே. நான் பார்க்க நினைத்தது நான் பார்க்கிற கணத்திலேயே மறைந்தது. இப்படி ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று பாதி வாய் போய்விட்டது. கோபத்தில் ஊசியைத் தூக்கி எறிந்தேன். அது ஜன்னலுக்கு வெளியே போய் விழுந்து, கோழிகளை விலக்கிக்கொண்டு போய்த் தேட வேண்டியிருந்தது.

ஊசியைக் கழுவிக்கொண்டு வந்தபோதுதான் புத்தி வந்தது. நூலை இழுக்காமல், ஊசியையே அது வந்த வழியாகத் திருப்பி அனுப்பினால் என்ன? ஒரு கண்ணிக்கு ஒரு நிமிடம் எடுத்தேன். ஊசி கண்ணியின் முன்னால் போகவில்லை. பின்னால் சுற்றிப் போய், இடப்பக்கத்தால் நுழைந்து, மூக்கை என் பக்கம் நீட்டியது. மணிக்கட்டை வளைத்துத் தன் முதுகைத் தானே சொறிகிற வேலை. பின்னோக்கி ஒன்று செய்தேன், முன்னோக்கி ஒன்று செய்தேன். விரல் வழுக்கி மூன்று தரம் விழுந்தது. நாலாம் தரம் கண்ணி காலைத் தூக்கி மற்றக் கால்மேல் போட்டது. அடுப்படியில் தனியாக நின்று கை தட்டினேன். பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பரிசு வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இருக்கவில்லை.

இனிப் புதியதைத் தொடுவதற்கு முன் போனதைத் திரும்பக் கட்ட வேண்டும். அதே சுருண்ட நூலில் இடக்காலைத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை இரண்டரைக்குக் காய்ச்சல் வந்தது.

"இஞ்சரும், மேஸ் ஒண்டைத்தான் காணேல்லை" என்றார் இவர்.

"டோபி பிழையாய் எடுத்துக்கொண்டு போயிட்டார் போல" என்றேன். அது தானாக வாயில் வந்தது. பெரிய பொய் வளர்ந்து, குட்டி போட்டுவிட்டது.

"ஒத்தைக் கால் மேஸை வைச்சு டோபி என்ன செய்யப் போறான்?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டார். வலக்காலில் காலுறை, இடக்காலில் துவாய்த் துண்டு. வியாழக்கிழமையும் அதே கோலம். நான் அவர் வேலையில் இருந்த நேரமெல்லாம் பின்னினேன். சனிக்கிழமை மத்தியானம் விரல் முனை மட்டும் பாக்கி. மூன்று ஊசியில் கண்ணிகள் நிற்க, அடுப்படியில் மறைந்து நின்று நாலாம் ஊசியைக் கையில் எடுத்தபோது வாசலில் டோபியின் சத்தம் கேட்டது.

இவர் சாப்பாட்டுக்கு வந்து வீட்டில் இருந்தார். எடுத்த எடுப்பில் டோபியைப் பிடித்துக்கொண்டார். கள்ளன் என்ற சொல் வரைக்கும் போய்விட்டார். டோபி மூட்டையைத் தரையில் வைத்தார்.

"ஐயா, இந்த லைன்ல இருக்கிற எல்லா வீட்டுத் துணியும் என் கையிலதான் போவுது. ஒரு கைக்குட்டை குறைஞ்சதுன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா? உங்க வீட்டுக் கம்பளிய நான் தொட்டதே இல்லீங்க. அம்மாதான் தன் கையால அலசுவாங்க. அம்மாவையே கேளுங்க."

உள்ளே நின்ற எனக்கு வெட்கம் பொறுக்கவில்லை. ஊசியும் காலுறையுமாக வெளியே வந்தேன்.

"அவரிலை பிழையில்லை. நான்தான் அவிழ்த்தனான். குதி தேஞ்சு போச்சு, திரும்பப் பின்னுறன்."

அப்பாடா, பாதி உண்மை சொல்லித் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். இவர் டோபியிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் கள்ளன் என்று பேச்சுக் கேட்ட டோபிக்குத் தன் தொழிலறிவைக் காட்டாமல் போக மனம் வருமா? என் கையிலிருந்ததை ஊசியோடு வாங்கினார். இவர் மற்றதைக் கொடுத்தார். இரண்டையும் உள்பக்கம் திருப்பிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கை இல்லீங்களே. இது தைரியமான கை. இது பயந்த கை."

பயந்த கை நான் பின்னியது. சொல்லிவிட்டு அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் மணி இரண்டரை.

காய்ச்சலுக்கு அன்று நான் நன்றி சொன்னேன். அவர் உதடு நீலமாகி, கட்டிலில் விழுந்து, "மேஸ், மேஸ்" என்றார். வலக்காலைப் போட்டேன். இடக்காலை என்ன செய்வது? மூன்று ஊசியோடு அப்படியே போட்டுவிட்டேன். விரல்கள் ஐந்தும் வெளியே. அவற்றைச் சுற்றி ஊசிகள். குளிர் உலுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஊசிகள் கிணுகிணு என்று அடித்துக்கொண்டன. மனிதர் செத்துப்போவாரோ என்று பயமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்க முடியாமல் அவருடைய காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த நடுக்கத்தில் சொன்னால் காதில் விழாது என்ற கோழைத்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி, அவளுடைய கணக்குகள், ஐயாவின் கடிதம் எல்லாம். அவர் பல்லும் ஊசியும் மாத்திரம் பதில் சொல்லின.

ஐந்து மணிக்கு வியர்த்தது. எழுந்து தேநீர் குடித்தார். ஊசிகளைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு இடக்காலைக் கழற்றி என்னிடம் தந்தார். சட்டை மாற்றிக்கொண்டு ஐந்தரை வண்டியை அனுப்பப் போனார். வண்டி வந்து நின்று போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் விரல் முனையை முடித்தேன். ஊருக்கு அனுப்பிவிடுவாரா, ஐயாவுக்கு எழுதுவாரா என்று ஒவ்வொரு கண்ணிக்கும் ஒன்றாக நினைத்தேன்.

திரும்பி வந்தவர் என் முன்னால் இருந்து, புது இடக்காலைப் போட்டுப் பார்த்தார். விரல்களை உள்ளே அசைத்தார். அசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டிலில் கிடந்த வலக்காலை, அந்தத் தைரியமான கை பின்னியதை, எடுத்து என் மடியில் போட்டார்.

"ரெண்டு வருசமாய் விரலை மடக்கித்தான் இதைப் போட்டனான். நீர் பின்னினதெண்டு நினைச்சு ஒண்டும் சொல்லேல்லை" என்றார். "இதையும் அவிழ்த்துப் பின்னும்."

நான் கத்தரிக்கோலை எடுத்து, விரல் முனையில் நூலைத் தேடத் தொடங்கினேன்.