கருவாட்டுக்கு வந்த பஞ்சாயத்து

சிவசங்கரிக்கு மெதுவாகப் பேச வராது. குரலை அடக்கி, காதோரம் குனிந்து அவள் ஒரு ரகசியம் சொன்னால் அடுத்த லயத்து வீட்டு நாய் திரும்பிப் பார்க்கும். இப்படிப்பட்ட தொண்டைக்காரியைப் போய் ஆஷா சுகாதார வேலைக்கு எடுத்திருக்கிறார்களே என்று ஆரம்பத்தில் சிரிக்காத ஆள் இல்லை. அப்புறம் அவளை விட்டால் கதியில்லை என்று ஆனது வேறு விஷயம்.

போடிமெட்டிலிருந்து கேரளாப் பக்கம் இறங்கினால், சரிவு பூராவும் தேயிலை நிற்கிற எஸ்டேட் ஒன்றில் அவளுக்கு வீடு. கல்யாணமாகிப் போடியிலிருந்து மலையேறி வந்தவள். வீட்டுக்காரர் மாரீஸ்வரன் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறார். வீட்டில் பேச்சு முழுவதையும் பெண்டாட்டி எடுத்துக்கொண்டதால் அவர் ஹாரனோடு நிறுத்திக்கொண்டார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சத்து மாத்திரை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, பெரியவர்களுக்குப் பிரஷர் பார்ப்பது என்று லயம் லயமாக ஏறி இறங்குவது சிவசங்கரியின் வேலை. மேல் லயத்து வாசலில் நின்று ஒருத்தரிடம், "அண்ணே, சுகர் மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால் போதும், கீழ் லயத்துச் சர்க்கரைக்காரர்கள் அத்தனை பேரும் தங்களைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து எழுந்துபோய்ப் போட்டுவிடுவார்கள்.

ஆனால் நாக்கு சுத்தம். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று ட்ரெயினிங்கில் சொன்ன நாளிலிருந்து, ஒரு வீட்டுச் சங்கதியை இன்னொரு வீட்டில் அவள் வைத்ததே கிடையாது. சத்தம்தான் பெரிசே தவிர, சமாச்சாரம் கசியாது.

அந்த எஸ்டேட்டு லயங்களின் அமைப்பைச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அந்த வழியாகத் தீப்பெட்டி போகும், குழம்புக் கிண்ணம் வரும், குறட்டை போகும், பேச்சு வரும். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் பக்கத்து வீட்டிலிருந்து தீர்ப்பே வரும்.

நடுலயத்தில் மூக்கம்மாளும் சித்ராவும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். மூக்கம்மாள் கொழுந்து பறிக்கிறவள், புருஷன் இல்லை, ஒரே மகள் இந்து. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. பக்கத்து வீட்டுச் சித்ராவுக்குக் கைக்குழந்தை, அவள் புருஷன் வீரபாண்டிக்கு டீ ஃபேக்டரியில் வேலை. மூக்கம்மாள் காலையில் வேலைக்குப் போனதும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்ரா, "ஏ இந்து, சாப்பிட்டியா? தலை சீவினியா?" என்று விசாரித்துக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் சுவரோரம் உட்கார்ந்து இந்து பாடம் படிக்க, சித்ரா குழந்தையை ஆட்டிக்கொண்டே கேட்பாள்.

இதெல்லாம் கார்த்திகை வரைக்கும். வீரபாண்டி சபரிமலைக்கு மாலை போட்ட வருசம் அது. ஒருநாள் சாயங்காலம், சாமி பூஜைக்கு உட்கார்ந்த நேரமாகப் பார்த்துச் சுவருக்கு மேலே கருவாடு வறுக்கிற வாசம் வந்து இறங்கியது. லேசுப்பட்ட வாசமா? நெத்திலிக் கருவாடு! வீரபாண்டிக்கு வந்ததே கோபம். மாலை போட்டவன் வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. ரேசன் கடையிலிருந்து அப்போதுதான் படியேறி வந்த மூக்கம்மாள் சும்மா இருப்பாளா? "ஆமா, நான்தான் வறுத்தேன். என் வீடு, என் சட்டி, என் கருவாடு. என்ன செய்வீரு சாமி?" என்று இடுப்பில் கை வைத்துவிட்டாள். மறுநாளே வீரபாண்டி தகரம் வாங்கி வந்து அந்த இடைவெளியை அடைத்து ஆணி அடித்தான்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியும் தகரம் கழலவில்லை. பேச்சு நின்றது, ஜாடை ஆரம்பித்தது. மூக்கம்மாள் கோழியைத் திட்டுவாள், திட்டு சித்ராவுக்குப் போகும். சித்ரா குடத்தோடு சண்டை போடுவாள், அது மூக்கம்மாளுக்கு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? லயமே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று வேடிக்கை பார்த்தது.

இதற்கு நடுவில் இந்துவுக்கு வயிற்றுவலி வந்தது. பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக வரும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளங்கை ஜில்லென்று ஆகிவிடும். ராத்திரி தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. சிவசங்கரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், உடம்பில் கோளாறு இல்லை, மனசில் என்னமோ கிடக்கிறது என்றார். ஸ்கூல் கவுன்சலிங் டீச்சரும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

தை போய் மாசி வந்தது. இந்து ஸ்கூலுக்குப் போவதே அடியோடு நின்றுவிட்டது. மூக்கம்மாள் ஒருநாள் வழியில் சிவசங்கரியை நிறுத்தினாள்.

"சங்கரி, திங்கக்கிழமை மாடல் பரீட்சையாம். அதுக்கும் போகலைன்னா அவளை மஸ்டருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன். பதினெட்டு முடிஞ்சிருச்சு, கொழுந்து பறிக்கட்டும்."

"என்னக்கா பேச்சு இது? நல்லாப் படிக்கிற பிள்ளை!"

"வீட்டுல தனியாக் கெடந்து சுவரைப் பார்த்துக்கிட்டே இருக்கா. எனக்குப் பயமா இருக்கு சங்கரி. எங்கூட மலையிலயாவது என் கண்ணு முன்னால இருப்பால்ல."

இந்தப் பிள்ளைக்கு முதல் தடுப்பூசி போடக் கூடவே போனவள் சிவசங்கரிதான். எப்படியாவது திங்கட்கிழமைக்குள் பிள்ளையை ஜீப்பில் ஏற்றிவிட வேண்டும்.

அன்றைக்குக் குவைத்திலிருந்து சிவசங்கரியின் தங்கச்சி வீடியோ காலில் வந்தாள். அங்கே ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. கூடத் தங்கியிருப்பவள் பிலிப்பைன்ஸ்காரி, பேர் ரோவேனா. அக்காவின் புலம்பலைத் தங்கச்சி மொழிபெயர்த்துச் சொல்ல, ரோவேனா ஆர்வமாகப் போனுக்குள் எட்டிப் பார்த்துப் பதில் சொன்னாள். அதைத் தங்கச்சி தமிழில் சொன்னாள்.

"அக்கா, இவங்க ஊர்லயும் உன்னை மாதிரியே வீடு வீடாப் போற சுகாதாரக்காரங்க உண்டாம். அக்கம்பக்கத்துச் சண்டைன்னா எடுத்த எடுப்புல கோர்ட்டுக்குப் போக முடியாதாம். ஊர்த்தலைவர் முன்னால ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீர்க்கப் பாக்கணுமாம். தலைவரைக் கேப்டன்னு கூப்பிடுவாங்களாம்."

கேப்டன்! சிவசங்கரிக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. சனிக்கிழமையே இரண்டு வீட்டாரையும் அங்கன்வாடிக்கு வரவழைத்துவிட்டாள். கடுங்காப்பி, முறுக்கு எல்லாம் ஏற்பாடு. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அங்கன்வாடியில் இருப்பதெல்லாம் மூன்று வயசுப் பிள்ளைகள் உட்காருகிற நாற்காலி. ஆறடி வீரபாண்டி அதில் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் தாடையில் முட்டியது.

மூக்கம்மாள் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்துப் பேசினாள். "கருவாடு வறுத்தது நான்தான். இன்னிக்கும் வறுப்பேன், நாளைக்கும் வறுப்பேன்."

வீரபாண்டி ஜன்னலுக்குச் சொன்னான். "தகரமும் என்னுது, ஆணியும் என்னுது. அது அங்கனயே இருக்கும்."

சித்ரா மடியில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். முறுக்கு தீர்ந்தது, பஞ்சாயத்தும் தீர்ந்தது. எழுந்து போகும்போது வீரபாண்டியோடு நாற்காலியும் கூடவே எழுந்ததுதான் மிச்சம். கேப்டன் தனியாக உட்கார்ந்து காப்பித் தம்ளர்களைக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூக்கம்மாள் விறகுக்குப் போயிருந்த நேரம், சிவசங்கரி இந்துவைப் பார்க்கப் போனாள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அலுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"ஒங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நான் நாயாப் பேயா அலைஞ்சுட்டேன்டி. என்னால ஆகல. தோத்துட்டேன்."

இந்து அவளையே பார்த்தாள். பிறகு கிட்டே நகர்ந்து வந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்.

"சித்தி, கருவாடு வறுத்தது அம்மா இல்ல. நான்."

"என்னது? கருவாடு வறுத்தது நீயா?"

சிவசங்கரி தன் கணக்குக்கு மெதுவாகத்தான் கேட்டாள்.

"மழையில நனைஞ்சு வந்தேன். பசி. பக்கத்து வீட்டுல மாலை போட்டிருக்காங்கன்னு மறந்தே போச்சு. அந்த மாமா கத்தவும் பயந்துட்டேன். அம்மா வந்து நான்தான்னு சொல்லிருச்சு. அப்புறம் மாமா மலையில விழுந்து கால் வீங்கி வந்தாங்கல்ல? என்னாலதான் சித்தி. நான் விரதத்தைக் கெடுத்துட்டேன். சாமி எனக்கு வயித்துவலியைக் கொடுத்துருச்சு. பரீட்சைக்குப் போனாலும் சாமி ஃபெயிலாக்கிரும்."

"அட என் தங்கமே! இதையா இத்தனை நாளா வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுக் கெடந்தே? சாமி மலையில உக்காந்து ஒன் மார்க்கையா எண்ணிக்கிட்டு இருக்காரு?"

சொல்லி முடித்த பிறகுதான் சிவசங்கரிக்கு உறைத்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்த தொட்டில் சத்தம் நின்றிருந்தது. ஐயோ பாவி, ட்ரெயினிங்கில் சொன்னதெல்லாம் போச்சே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக ஒரு ரகசியம் அவளிடமிருந்து வெளியே போய்விட்டது. இந்துவின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சிருடி, சத்தமாச் சொல்லிட்டேன்."

அதற்குள் சித்ரா குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணி. ஒரே எட்டில் உள்ளே வந்து இந்துவை இழுத்து அணைத்துக்கொண்டாள். "கிறுக்குப் பயபுள்ள! என்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் என்ன கடிச்சா தின்றுவேன்?" என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

அந்த நேரம் பார்த்தா மூக்கம்மாள் விறகோடு வர வேண்டும்? சித்ரா தன் வீட்டுக்குள் நிற்கிறாள், மகள் அழுகிறாள். மூக்கம்மாளுக்கு வேறென்ன தோன்றும்? விறகுக்கட்டைத் தொப்பென்று போட்டாள்.

"வீடேறி வந்தாடி அடிக்கிறே? நீ நல்லா இருப்பியா?"

"அக்கா, நிறுத்து! நிறுத்துன்னா!" சிவசங்கரி போட்ட சத்தத்தில் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த வீரபாண்டி லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

இந்துவே எழுந்து நின்று எல்லாருக்கும் முன்னால் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை முகத்தைப் புதைத்துக்கொள்ளவில்லை. மூக்கம்மாள் சுவரில் சாய்ந்துவிட்டாள். மகளைக் காப்பாற்றத்தானே பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அதுவே பிள்ளையின் வாயை அடைத்துப்போட்டதே என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

எல்லாரும் வீரபாண்டியைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அது வந்து... விரதம் ஒன்னும் இந்தப் பிள்ளையால கெடல. அந்த வாசம் வந்துச்சா, எனக்கு நாக்குல எச்சில் ஊறிருச்சு. மாலை போட்டுக்கிட்டு இப்படி ஊறுதேன்னு எனக்கு என் மேலயே கோவம். அதைக் கொண்டுபோய் உங்க மேல காட்டிட்டேன்க்கா."

"அப்ப கால் வீங்குனது?" இந்து கேட்டாள்.

"அதா? செல்ஃபோன்ல வீடியோ எடுத்துக்கிட்டே படியில இறங்குனேன். நீ வறுத்தாலும் வறுக்காட்டியும் விழுந்திருப்பேன்."

முதலில் சிரித்தது சித்ராதான். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க! மதினி, ஐயப்பன் ஒன்னுமே சொல்லல. எல்லாம் இந்த மனுசன்!" மூக்கம்மாள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஆணி பிடுங்குகிற சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. வேடிக்கை பார்த்த கட்சிக்காரர்களுக்குத்தான் ரொம்ப வருத்தம்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். திங்கட்கிழமை காலை மாரீஸ்வரனின் ஜீப் வந்து நின்றபோது இந்துவின் உள்ளங்கை ஜில்லென்றுதான் இருந்தது.

"சித்தி, வயிறு வலிக்குது."

சிவசங்கரி அவள் கையைத் தேய்த்துவிட்டாள். "வலிக்கட்டும். பழகுன வலி உடனே போயிருமா? பரீட்சை முடியட்டும், அந்தக் கவுன்சலிங் டீச்சர்கிட்ட நானும் கூட வாரேன். எல்லாத்தையும் சொல்லு. இப்ப வலியோடயே ஏறு."

இந்து கொஞ்ச நேரம் நின்றாள். மாரீஸ்வரன் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். பிறகு அவள் ஏறி உட்கார்ந்தாள். ஜீப் வளைவில் திரும்பும் வரை சிவசங்கரியும் இரண்டு வீட்டாரும் ரோட்டிலேயே நின்றார்கள்.

அங்கிருந்து சிவசங்கரி பிரஷர் பார்க்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு மஸ்டருக்குப் போனாள். வேலைக்கு ஆளெடுக்கிற நேரம். பெண்கள் செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் படுதாவைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சூப்பர்வைசர் மூக்கம்மாளைப் பார்த்து, "எங்க, மகளைக் கூட்டிட்டு வாரேன்னியே?" என்று கேட்டார்.

"அவ பரீட்சைக்குப் போயிட்டா சார்."

"அப்ப நாளையிலிருந்து பேர் போட்டுக்கிடவா?"

மூக்கம்மாள் படுதாவின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "வேணாம் சார். நாளைக்கும் வேணாம், என்னைக்கும் வேணாம். எங்க வீட்டுல கொழுந்து பறிக்க நான் ஒருத்தி போதும்."

சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகச் சரிவில் ஏறினாள். சிவசங்கரி அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரஷர் பார்க்கக் கை நீட்டியிருந்த பெண், "என்னக்கா, அழுறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவளுக்குச் சத்தமே வரவில்லை.