குளவிச் செய்தி

"நீயே கழட்டிக் குடு" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட அதிபர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மழையில் நனைந்து நனைந்து மாணவத் தலைவர் சின்னத்தின் ஊசி துருப்பிடித்திருந்தது. நான் இழுத்தேன், வரவில்லை. விரலில் குத்தியது. காலைக் கூட்டத்துக்கு வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் வெள்ளைக் கவுனின் துணி கொஞ்சம் கிழிந்து, சின்னம் கையோடு வந்தது. அதை அதிபரின் உள்ளங்கையில் வைத்தபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று கடைசி வரைக்கும் எதிர்பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கீழே இறங்கும் தேயிலைச் சரிவுக்குள் இப்படியே உருண்டு போய்விட வேண்டும்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதிபர் ஹட்டன் டவுனில் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்தவர். "கடைக்கார வீட்டு சேருக்கு லயத்துப் புள்ளைங்க கஷ்டம் எங்க தெரியப்போவுது" என்று லயங்களில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பெற்றோர்கள் பேசிக்கொள்வார்கள். பிரம்பும் வைத்திருந்தார், கோபமும் வைத்திருந்தார். ஆனால் அவர் கொண்டுவந்த ஒரு பழக்கத்தை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை எங்கள் ஊர்ச் செய்தியை வாசிக்க வேண்டும். வானொலியில் வரும் செய்தி கூடாது. யார் வீட்டில் தம்பி பிறந்தான், எந்த லயத்துப் பீலியில் தண்ணீர் வரவில்லை, ஹட்டன் பஸ் எங்கே பழுதாகி நின்றது, யாருடைய மாடு கன்று போட்டது, இதெல்லாம்தான் செய்தி. பிள்ளைகள் வாசிக்க, அவர் ஒரு ஓரமாகக் கைகட்டி நின்று கேட்பார். அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. "நீங்கதான் ஊருக்குள்ள இருக்கீங்க, உங்களுக்குத்தான் செய்தி தெரியும்" என்பார்.

மாணவத் தலைவர்களைக்கூடப் பிள்ளைகளே கை தூக்கித் தேர்ந்தெடுக்க வைத்தார். ஐந்தாம் வகுப்பில் எனக்கு நிறையக் கைகள் உயர்ந்தன. அந்தச் சின்னத்தைக் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போன அன்று அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் நடந்தார். "எங்க வீட்டு டீச்சரம்மா" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை.

என் வேலை, பள்ளிக்கூடம் விட்டதும் மேல்பிரிவு லயங்களுக்குப் போகும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது. மேலே ஏற இரண்டு வழிகள் இருந்தன. லொறி போகும் பெரிய ரோட்டில் போனால் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து நெடுநேரம் நடக்க வேண்டும். தேயிலைக்குள் ஏறும் குறுக்குப் பாதையில் போனால் சீக்கிரம் வீடு சேரலாம். எல்லாரும் குறுக்குப் பாதையில்தான் போவோம்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளின் தலையைக் கத்தியால் வெட்டிவிடும் அந்த வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வரப் பொழுது சாய்ந்துவிடும். அந்த இடைவெளியில்தான் அப்பா கடைவீதிக்கு இறங்கித் தவறணைக்குக் குடிக்கப் போகப் பழகினார். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். தனியாகக் குறுக்குப் பாதையில் ஏறினேன். வளைவில் நின்ற சவுக்கு மரத்தடியில் ஒருவர் விழுந்து கிடந்தார். சாரம் விலகி, வாயோரம் எச்சில் வழிந்து, ஈ மொய்க்கக் கிடந்தார். கிட்டே போனதும்தான் அப்பா என்று தெரிந்தது. சாரத்தை இழுத்து மூடிவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கூடையைக் கழற்றிக்கூட வைக்கவில்லை. "யாருகிட்டயும் மூச்சு விடாத. வீட்டு மானம் ஒன் வாயிலதான் இருக்கு" என்றார். பத்து வயதில் அந்தச் சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து பிள்ளைகளைப் பெரிய ரோட்டில் கூட்டிப் போனேன்.

அவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. மழை, குளிர், பசி. "அக்கா, குறுக்கால போவோம்" என்று தினமும் கெஞ்சினார்கள். முதலில் கதை சொல்லி நடக்க வைத்தேன். பிறகு அதட்டினேன். பிறகு ஒரு தேயிலைக் குச்சியை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள் என் கையை உதறிவிட்டுக் குறுக்குப் பாதையில் ஓடினான். துரத்திப் பிடித்துக் கெண்டைக்காலில் அடித்தேன். பயத்தில் அடித்தது பலமாகவே விழுந்துவிட்டது. மறுநாள் அவனுடைய அம்மா வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பையனின் காற்சட்டையை உயர்த்தித் தழும்புகளைக் காட்டினார். "மாட்டக்கூட இப்படி அடிக்க மாட்டாங்க, சேர்."

அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "காரணத்தச் சொல்லு. ஞாயமா இருந்தா விட்டுர்றேன்." நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற வகுப்பு டீச்சர், "தலைமை கெடச்சதும் தலைக்கனமும் வந்துருச்சு" என்றார். அதிபர் மறுபடியும் கேட்டார், மறுபடியும் நான் பேசவில்லை. பேசாமல் நிற்கும் பிள்ளை திமிர் பிடித்தது என்று நினைப்பது பெரியவர்களுக்கு எவ்வளவு சுலபம் என்பதை, இன்றைக்கு ஓர் ஆரம்பப் பள்ளியில் மாணவத் தலைவர்களுக்குப் பொறுப்பாக இருக்கும் டீச்சராக, எனக்குள்ளேயே அடிக்கடி பார்க்கிறேன். அடுத்த நாள் காலைக் கூட்டத்தில்தான் சின்னம் போனது.

அன்று மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பொறுப்பை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அவளுக்குத் தடுக்க ஒரு காரணமும் இல்லை. மணி அடித்ததும் எல்லாரும் ஆரவாரத்தோடு குறுக்குப் பாதையை நோக்கிக் கிளம்பினார்கள். நான் புத்தகப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினேன். சவுக்கு மரத்தடிக்கு முதலில் வந்து சேர்ந்தது நான்தான். அப்பா அங்கேதான் கிடந்தார். பாதைக்குக் குறுக்கே.

இரண்டு கைகளையும் பிடித்துத் தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் இழுத்தேன். ஈர மண்ணில் கால் வழுக்கியது. ஒரு முழம் நகர்த்துவேன், விழுவேன், எழுந்து மறுபடியும் இழுப்பேன். கீழே பிள்ளைகளின் பாட்டுச் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. "எந்திரிங்கப்பா, எந்திரிங்கப்பா" என்று காதில் சொன்னேன். அப்பாவின் கண்கள் மூடியே இருந்தன.

நிமிர்ந்தபோது கீழ் வளைவில் அதிபர் நின்றார். புகாரின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க அவரும் அன்று பிள்ளைகளுக்கு முன்னால் ஏறி வந்திருக்கிறார். கையில் குடை. மண் அப்பிய என் வெள்ளைக் கவுனையும், நான் பிடித்திருந்த கைகளையும் பார்த்தார். என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. கிட்டே வந்துவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அவர் வரவில்லை. சட்டென்று திரும்பிக் குடையை விரித்துத் தலைக்கு மேலே வீசிக்கொண்டு, "குளவி! குளவி கிளம்பிருச்சு! திரும்புங்க! ரோட்டுக்கு ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினார்.

தோட்டத்தில் குளவி என்றால் எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்கள். குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருந்தார்கள். ஒரே அலறல். அவர்களோடு சேர்ந்து அதிபரும் ஓடிய சத்தம் தேய்ந்துபோகும்வரை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குளவியும் இல்லை. மழைத் தூறல் மட்டும்தான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க வந்த பிள்ளையை அதிபர் வரிசைக்குத் திருப்பி அனுப்பினார். "இன்னைக்கு நானே வாசிக்கிறேன்" என்றார். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"மேல்பிரிவுக் குறுக்குப் பாதையில் குளவிக் கூடு இருக்கிறது. அது ஒரு மாணவத் தலைவிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்று அவள் காரணம் சொல்லாமல் எல்லாரையும் ரோட்டில் கூட்டிப் போனாள். அடித்தது தவறு. ஆனால் அவளிடம் பொறுமையாகக் கேட்காமல் உங்கள் எல்லார் முன்னாலும் சின்னத்தைக் கழற்ற வைத்தது அதைவிடப் பெரிய தவறு. அந்தத் தவறைச் செய்தது நான்."

பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "என்னய மன்னிச்சிரு, பிள்ள" என்றார். புது ஊசி போட்ட சின்னத்தை வகுப்பு டீச்சர் குத்திவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டபோது, முதல் நாள் சிரிப்பைக் கேட்டதைவிட அதிகமாகக் கூசியது. அதிபர் எனக்காகப் பொய் சொல்கிறார், அந்தப் பொய்யில் நான் வீராங்கனை, இதற்கெல்லாம் நடுவில் என் கண்ணுக்குள் அப்பா அந்தச் சவுக்கு மரத்தடியிலேயே கிடக்கிறார். தலையைக் குனிந்தே நின்றேன். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் பாராட்டினார்கள்.

நான் அடித்த பையனின் அம்மா அன்று சாயங்காலம் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்தார். "ஒன்னயப் போயி என்னென்னமோ பேசிட்டேன் தாயி, மனசுல வச்சுக்காத" என்று என் கன்னத்தைத் தடவினார். ரொட்டியை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஆனால் பொய் அதோடு நிற்கவில்லை. குளவிக் கூடு என்றால் தோட்டம் சும்மா இருக்காது. கண்டாக்கு ஐயா, அதாவது தோட்ட வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், கூட்டை எரிக்க ஆட்களை அனுப்பினார். பக்கத்துக் காம்பரா வீட்டு மாமா தலைமையில் நாலைந்து பேர் தீப்பந்தத்தோடும் சாக்கோடும் பொழுது சாயும் நேரத்தில் கிளம்பினார்கள். கூடு இல்லை என்று திரும்பி வருவார்கள், அதிபர் பொய்யர் என்று ஆகும், ஏன் பொய் சொன்னார் என்று கேட்பார்கள், எல்லாம் வெளியே வந்துவிடும். நான் எங்கள் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் தெளிவாக இருந்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோது லயத்து ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மாமா பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தார். "கூடு இருந்துச்சு. எரிச்சாச்சு" என்றார். "ஆனாலும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் யாரும் போவாதீங்க." கூடப் போனவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மறைத்துவைத்ததாக நினைத்த விஷயம் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாதையில் நடக்கிறவர்கள்தானே எல்லாரும்.

மாமா அப்பாவைத்தான் பார்த்தார். அந்தச் சவுக்கு மரத்தடியில் கூடு இருந்ததா இல்லையா என்று இந்த உலகத்தில் யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அப்பாதான். அப்பா அணைந்த பந்தத்தைப் பார்த்தார். பிறகு, "ஆமா, பெரிய கூடு. நானும் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்பா குடியை உடனே விட்டுவிடவில்லை. பல வருஷம் குடித்தார். ஆனால் அந்தப் பாதையில் அவர் விழுந்து கிடந்ததை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பெரிய ரோட்டில் சுவரைப் பிடித்துப் பிடித்தாவது வீடு வந்து சேருவார். என்னை அவர் மறுபடி தோளில் தூக்கவில்லை. என்னோடு பேசும்போது முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் எதையாவது பார்த்துப் பேசினார். நான் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தபோதும், கல்விக் கல்லூரிக்குப் போனபோதும், கல்யாண மேடையிலும் அப்படித்தான். ஊர் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் மகளுக்குத் தெரியும் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து அவரைக் காப்பாற்ற யாரிடமும் வழி இருக்கவில்லை.

போன மாதம் ஹட்டனில் அதிபரைப் பார்த்தேன். குடும்பக் கடையின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்பார்வை குறைந்துவிட்டது, என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். நானும் டீச்சராகிவிட்டதால் கேட்கும் தைரியம் வந்தது. "அன்னைக்கு எப்படி சேர் சட்டுனு குளவின்னு தோணுச்சு?"

அவர் கொஞ்சம் சிரித்தார். "நீ நெனைக்கிற மாதிரி நான் யோசிச்சுச் செய்யல, பிள்ள. ஒன்னய அப்படிப் பாத்ததும் எனக்கு அங்க நிக்கவே வெட்கமா இருந்துச்சு. ஓடிரணும் போல இருந்துச்சு. ஓடுறதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல?" பிறகு கேட்டார்: "அப்பா இருக்காங்களா?"

இருக்கிறார். என்னோடுதான் இருக்கிறார். குடியை வைத்தியர் நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "பழைய அதிபரப் பாத்தேன்பா. ஒங்கள விசாரிச்சாரு" என்றேன். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் முழிச்சுத்தான் கெடந்தேன் பாப்பா. எந்திரிக்க முடியல. நீ இழுத்தப்போ ஒனக்குக் கை வலிச்சிருக்கும்ல?"

"இல்லப்பா, வலிக்கல" என்றேன்.

வலித்தது என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து அப்பா கேட்டது அந்த ஒன்றைத்தான்.