கேட்டுக்கு வெளியே ஒரு கம்பெனி

அப்பாவின் டிபன் கேரியரை மாலையில் கழுவத் திறந்தால், ரசத்தையும் மீறி லேத்து எண்ணெய் வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய சின்னப் பட்டறை அது; ஆனால் பட்டறை என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும், எங்கள் வீட்டில் அது எப்போதும் "கம்பெனி"தான். நான் கற்ற முதல் ஆங்கிலச் சொல்லும் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அங்கே மதியச் சாப்பாட்டில் ஒரு வழக்கம். அப்பாவையும் சேர்த்து ஐந்து பேர். அவரவர் பொரியலை அவரவர் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் ஒரே தட்டில் கொட்டப்பட்டுக் கை மாறும். அதனால் அம்மா ஐந்து பேருக்குக் காணும்படி அடைத்து அனுப்புவாள். "ஒரு ஆளுக்கு மட்டும் கட்டிக் குடுத்தா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பாரு?" என்பாள்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது கம்பெனியை மூடிவிட்டார்கள். மறுநாளும் அப்பா அதே நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். அம்மா கேரியரைக் கொடுத்தாள், அதே அளவு பொரியலோடு. காலையெல்லாம் வேலை தேடி அலைந்துவிட்டு மதியம் ஐவரும் பூட்டிய கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் கூடுவார்களாம்; எனக்கு அது அப்போது தெரியாது. ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி விட்டு பஸ்ஸில் வரும்போது, தோழி ஜன்னலுக்கு வெளியே காட்டி, "ஏய், ரோட்டோரம் உக்காந்து சாப்புடுறது உங்கப்பாதானே?" என்றாள். அப்பா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "இல்லப்பா, எங்கப்பா கம்பெனில இருப்பாரு" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கூசுகிறது.

இப்போது நான் ஆங்கில ஆசிரியை. ஒருநாள் பாடத்துக்காக அகராதியைப் புரட்டியபோது, கம்பெனியின் வேர் லத்தீனில் இருந்தது: ‘கூட’ என்று ஒரு சொல், ‘ரொட்டி’ என்று ஒரு சொல். ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் கூட்டாளி. அப்படிப்பட்டவர்களின் கூட்டம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, படைப்பிரிவாகி, வணிகர் குழுவாகி, அப்புறம்தான் கேட்டும் வாட்ச்மேனும் வைத்த கம்பெனியானது.

அந்த இடத்தில் இன்று அடுக்குமாடி எழும்பிவிட்டது, வேப்பமரமும் இல்லை. ஐவரில் அப்பா மட்டும்தான் மிச்சம். போன வாரம் சாப்பிடும்போது இந்தச் சொல்லின் கதையை அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது. "அப்போ கேட்டை மூடினப்புறமும் எங்க கம்பெனி நடந்துகினுதான் இருந்துச்சுன்னு சொல்லு" என்று சிரித்தவர், தன் தட்டிலிருந்த வாழைக்காய்ப் பொரியலில் பாதியை என் தட்டுக்குத் தள்ளினார்.

பஸ்ஸில் நான் சொன்னதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.